மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு: இருளின் மூன்று பருவங்கள்

குற்றக் கதை என்பது முடிவதற்காகவே தொடங்கப்படும் கதை. முதல் பக்கத்தில் ஒரு பிணம். கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தை நாம் சலிப்பின்றிக் கடக்கும்படி செய்வதே ஆசிரியரின் திறமை. ஆனால் தொலைக்காட்சித் தொடர் முடிவை விரும்புவதில்லை. ஒரு பருவம் வெற்றி பெற்றால் மறு பருவம் வேண்டும் என்கிறார்கள். அதுவும் வென்றால் இன்னொன்று. முடிந்த கதையை மீண்டும் தொடங்க வேண்டிய நிலைக்கு ஆளாகும் ஆசிரியர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இருளைக் கூட்டுவது: இன்னும் சில பிணங்கள், இன்னும் கொடிய கொலையாளி. மற்றொன்று, முதல் பருவத்தில் பட்ட காயத்தையே திரும்பவும் அவிழ்த்துப் பார்ப்பது: அது ஆறியதா, புரையோடியதா என்று கேட்பது.

பெரும்பாலான தொடர்கள் முதல் வழியையே தேர்கின்றன. அவ்வழியில் சென்று உயர்ந்த படைப்பாக நின்றவையும் உண்டு. 2008 முதல் 2013 வரை ஐந்து பருவங்களாக, 62 பகுதிகளாக வெளிவந்த அமெரிக்கத் தொடரான ‘பிரேக்கிங் பேட்’ அத்தகையது. வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் உலகின் அதிபதியாகும் கதை அது. பருவத்துக்குப் பருவம் வீழ்ச்சியின் ஆழம் கூடிக்கொண்டே போவதுதான் அதன் கட்டுக்கோப்பு. நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்டதோ எதிர்த் திசையில் நடந்த ஒரு தொடர். பி.பி.சி. வெளியிட்ட ‘ஹேப்பி வேலி’ என்னும் பிரித்தானியத் தொடர் அது. சாலி வெயின்ரைட் என்னும் பெண் எழுத்தாளர் உருவாக்கிய இத்தொடரின் முதல் பருவம் 2014-இலும், இரண்டாவது 2016-இலும், மூன்றாவதும் இறுதியானதுமான பருவம் 2023-இலும் வெளிவந்தன. பருவத்திற்கு ஆறு பகுதிகள். ஆக மொத்தம் பதினெட்டு. இதில் இருள் கூடவில்லை, இடம் மாறுகிறது. உடலிலிருந்து வீட்டுக்குள்ளும், வீட்டிலிருந்து மனத்துக்குள்ளும் அது நகர்ந்து செல்கிறது. அந்த நகர்வைத் தொடர்ந்து செல்வதே நம் நோக்கம்.

பெயரில் உள்ள கசப்பு

கதை நிகழும் இடம் இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில் உள்ள கால்டர் பள்ளத்தாக்கு. பசிய குன்றுகள், கல்லால் கட்டிய வீடுகள், பழைய நூற்பாலைகள், அமைதியான கால்வாய் என்று ஓவியம் போன்ற நிலப்பரப்பு. அதே பள்ளத்தாக்கில் போதைப்பொருள் புழக்கமும் மலிந்திருந்தது. அதனால் காவலர்கள் அப்பகுதிக்கு எள்ளலாக இட்ட பெயரே ‘மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு’. வெயின்ரைட் அங்கேயே, சவர்பி பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். அம்மக்களின் பேச்சும், துன்பத்தின் நடுவிலும் தேநீர் போடும் பழக்கமும், கண்ணீரை மறைக்கும் நகைச்சுவையும் அவர் கைவண்ணத்தில் இயல்பாக வந்து விழுகின்றன.

கதையின் நடுநாயகம் கேத்தரின் கேவுட், காவல்துறையில் சார்ஜண்ட். முதல் பருவத்தில் அவளுக்கு வயது 47. மணமுறிவு பெற்றவள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட தன் சகோதரி கிளேருடன் வாழ்கிறாள். அவளுடைய மகள் பெக்கி, டாமி லீ ராய்ஸ் என்பவனின் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, ஓர் ஆண்குழந்தையைப் பெற்றபின் தற்கொலை செய்துகொண்டவள். அக்குழந்தையை வளர்க்க வேறு எவரும் முன்வரவில்லை. கணவர் விலகினார், மகன் விலகினான். கேத்தரின் குழந்தையைக் கையில் எடுத்தாள். அந்தச் சிறுவன்தான் ரயன். ஆக, அவள் வீட்டில் நடமாடுவது அவளுடைய மகளின் மகன். அதே வேளையில் மகளின் சாவுக்குக் காரணமானவனின் மகன். பதினெட்டுப் பகுதிகளும் இந்த ஒரே உண்மையின் மீதுதான் நிற்கின்றன.

தொடரின் முதல் காட்சியையே கவனிப்போம். ஓர் இளைஞன் விளையாட்டுத் திடலில் தன்மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, கொளுத்திக்கொள்ளப் போவதாக மிரட்டுகிறான். கேத்தரின் அருகிலிருந்த கடையில் ஒரு தீயணைப்பானை வாங்கிக்கொண்டு வந்து அவன் முன் நிற்கிறாள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். தன் வயது, மணமுறிவு, சகோதரி, இறந்துபோன மகள், வளரும் பேரன் என எல்லாவற்றையும் சில வாக்கியங்களில் சொல்லிவிடுகிறாள். ஆசிரியர் கதைமாந்தரை அறிமுகம் செய்த சாமர்த்தியம் என்று இதை முதலில் எண்ணுகிறோம். ஒன்பது ஆண்டுகள் கழித்து இறுதிப் பகுதியைக் காணும்போதுதான், தொடரின் முடிவும் இக்காட்சியிலேயே விதைக்கப்பட்டிருந்தது என்பது புலனாகிறது.

முதல் பருவம்: தந்தை வருகிறான்

முதல் பருவத்தின் குற்றம் ஒரு கடத்தல். கெவின் வெதரில் என்னும் கணக்காளர் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக ஊதிய உயர்வு கேட்கிறார். முதலாளி நெவிசன் கேலகர் மறுக்கிறார். மனம் புழுங்கிய கெவின், முதலாளியின் மகள் ஆனைக் கடத்திப் பணம் பறிக்கலாம் என்ற யோசனையை ஒரு போதைப்பொருள் வணிகனிடம் சொல்லிவிடுகிறார். பிறகு முதலாளி மனமிரங்கி உதவ முன்வருகிறார். ஆனால் சொல் வாயைவிட்டுப் போய்விட்டது. கொடியவன் என்று யாரும் சொல்லாத ஒரு மனிதன், தன்மானக் காயத்தில் சொன்ன ஒரு சொல் எத்தனை உயிர்களைக் குடிக்கிறது என்பதை இந்தப் பருவம் காட்டுகிறது. தீமை எப்போதும் கொம்பும் பல்லுமாக வருவதில்லை. சம்பளக் கணக்கோடும் வரும் என்று நமக்கு உணர்த்தும் பகுதி இது.

கடத்தலைச் செய்பவர்களில் ஒருவன் டாமி. வேறொரு வழக்கில் சிறையிருந்து அப்போதுதான் வெளிவந்தவன். ஆனை அவன் சீரழிக்கிறான். இளம் பெண் காவலர் கிர்ஸ்டனைக் காரை ஏற்றிக் கொல்கிறான். நான்காம் பகுதியில் நிலவறையில் கேத்தரினையும் அடித்து நொறுக்குகிறான். அப்பகுதி வெளியானபோது பிரித்தானியாவில் கண்டனக் குரல்கள் எழுந்தன. பெண்ணுடல் மீதான வன்முறையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதை நாம் ஒதுக்கிவிடவில்லை. ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றத் தொடர்களில் அடிபட்ட காவலர் அடுத்த காட்சியிலேயே எழுந்து ஓடுவார். இங்கே கேத்தரின் எழுந்து ஓடவில்லை. அடுத்த பகுதியில் அவளை வீட்டுக்குள் முடங்கியவளாக, சிடுசிடுப்பவளாக, பேரனிடம்கூட எரிந்து விழுபவளாகக் காண்கிறோம். அடி விழுவதைக் காட்டியவர் வலி நீடிப்பதையும் காட்டினார். அந்த நேர்மைதான் அவ்வன்முறையை வேடிக்கைப் பொருள் ஆகாமல் காத்தது.

ஆனைக் காக்க வந்த கேத்தரினை இறுதியில் காப்பவள் அதே ஆன்தான். கட்டவிழ்ந்த அப்பெண் நினைவிழந்து கிடக்கும் காவலரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறாள். காப்பவர் யார், காக்கப்படுபவர் யார் என்ற வரையறை கலைந்துவிடுகிறது.

இதற்கிடையில் தனக்கொரு மகன் இருப்பதை டாமி அறிந்துகொள்கிறான். சிறுவனைத் தேடி வருகிறான், பேச்சுக் கொடுக்கிறான். இறுதிப் பகுதியில் கால்வாய்ப் படகு ஒன்றில், தன்மேலும் மகன்மேலும் பெட்ரோலை ஊற்றிக்கொள்கிறான். கேத்தரின் தீயணைப்பானோடு உள்ளே புகுந்து, அதைக் கொண்டே அவனை வீழ்த்துகிறாள். சிறுவன் பிழைக்கிறான். ஆனால் வீழ்ந்தவனை அவள் வெறியோடு உதைக்கும்போது, அவளுக்குள்ளும் ஒரு தீ எரிவதை அறிகிறோம். அதை அணைக்க ஒருவரும் இல்லை. குற்றவாளி சிறைக்குப் போகிறான். மரபான குற்றக் கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் பருவம்: தூது வருகிறது

2016-இல் வந்த இரண்டாம் பருவத்தில் டாமி பெரும்பாலும் சிறையில்தான் இருக்கிறான். வெளியே பெண்கள் வரிசையாகக் கொல்லப்படுகிறார்கள். அவர்களில் ஒருத்தி டாமியின் தாய் லின். பிணத்தைக் கண்டெடுப்பவளே கேத்தரின். முன்பு லின்னை மிரட்டியிருந்ததால் அவள்மீதே சிறிது காலம் ஐயம் விழுகிறது. கதையின் புறவடிவம் கொலையாளி யார் என்பதே. உள்வடிவம் வேறு. இந்தப் பருவம் முழுவதும் நாம் காண்பது தாய்களும் மகன்களும்.

லின், டாமி என்னும் தாயும் மகனும் ஒருபுறம். மறுபுறம் மலைப்பண்ணையில் வாழும் அலிசனும் அவள் மகன் டாரிலும். ஊராரின் ஏளனத்துக்கு ஆளான டாரிலே கொலையாளி என்று தெரியவருகிறது. மகன் வாயாலேயே அதைக் கேட்ட தாய், அவனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறாள். தானும் சாக முயல்கிறாள். அவளைக் கண்டுபிடிக்கும் கேத்தரினிடம் அவள் ஓர் உண்மையைச் சொல்கிறாள்: டாரில், அவளுடைய சொந்தத் தந்தை அவளுக்கு இழைத்த கொடுமையால் பிறந்தவன். இதைக் கேட்டு நிற்பவள் யார்? அதேபோன்ற ஒரு கொடுமையில் பிறந்த சிறுவனைத் தன் வீட்டில் வளர்ப்பவள். ஆசிரியர் அங்கே ஒரு விளக்கமும் தரவில்லை. கேத்தரினாக நடிக்கும் சாரா லங்காஷயரின் முகம் மட்டும் போதுமானதாக இருக்கிறது.

இவ்வாறு முதல் பருவத்தில் ‘அவன் பிடிபடுவானா?’ என்றிருந்த கேள்வி, இரண்டாம் பருவத்தில் ‘இரத்தத்தில் என்ன வருகிறது?’ என்று மாறிவிடுகிறது. இது பழைய கேள்வி. தந்தையின் குற்றம் மகனைச் சேருமா என்று எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 18ஆம் அதிகாரம் முழுவதும் கேட்கப்படுவது இதுவே. சேராது என்பது அங்கே தரப்படும் விடை. கேத்தரின் அறிவு அந்த விடையை ஏற்கிறது. அவள் அச்சம் ஏற்பதில்லை. பருவத்தின் இறுதியில் குன்றுப் பாதையில் குடும்பத்தோடு நடக்கும் சிறுவனை அவள் பார்க்கும் பார்வையில் அன்பும் இருக்கிறது, ஐயமும் இருக்கிறது. குழந்தையின்மேல் நாம் சுமத்தும் முதல் தண்டனை, அவனை நாம் பார்க்கும் விதம்தான்.

அந்த ஐயத்தின் விலையையும் தொடர் காட்டுகிறது. ஃபிரான்சிஸ் டிரம்மண்ட் என்பவள் டாமியின்மேல் மையல் கொண்டவள். பொய்ப் பெயரில் ரயனின் பள்ளியில் உதவியாளராகச் சேர்கிறாள். சிறுவனிடம் கனிவாகப் பேசி, தந்தையைப் பற்றி நல்லெண்ணத்தை விதைக்கிறாள். இதை வெறும் சூழ்ச்சி என்று கண்டித்துவிடலாம். ஆனால் அவள் புகுந்த வாசல் எது? வீட்டில் எவரும் பேசாத பொருள் எதுவோ, அதுவே அவளுக்கு வாசலாயிற்று. பெரியவர்கள் மௌனமாக விட்ட இடத்தில் அந்நியர் பேசுகிறார்கள். பருவம் முடியும் முன்னர் ரயன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதிவிடுகிறான்.

இப்பருவத்தில் இன்னொரு காட்சியையும் மறத்தற்கில்லை. தன்னை மிரட்டிப் பணம் பறித்த பெண்ணைக் கொன்றுவிட்டு, அப்பழியைத் தொடர்கொலையாளிமேல் போட முயன்ற துப்பறிவாளன் ஜான் வாட்ஸ்வர்த், இறுதியில் பாலத்தின் விளிம்பில் நிற்கிறான். தற்கொலைக்கு முனைவோரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சி பெற்றவன் அவன். கேத்தரினுக்கு அப்பயிற்சி இல்லை. என்ன பேச வேண்டும் என்று அவனிடமே கேட்டுக்கேட்டுப் பேசுகிறாள். அவன் குதித்துவிடுகிறான். பேச்சு எப்போதும் காப்பாற்றிவிடாது. இதையும் சொன்ன பிறகுதான் ஆசிரியர் மூன்றாம் பருவத்தைப் பேச்சின்மேல் கட்டுகிறார்.

ஏழு ஆண்டுக் காத்திருப்பு

முதல் பருவமும் இரண்டாம் பருவமும் முறையே 2015, 2017 ஆம் ஆண்டுகளில் சிறந்த நாடகத் தொடருக்கான ‘பாஃப்டா’ விருதைப் பெற்றன. புகழின் சூட்டிலேயே அடுத்த பருவத்தைத் தந்திருக்கலாம். வெயின்ரைட் தரவில்லை. ரயனாக நடித்த ரீஸ் கானா என்னும் சிறுவன் வளரும்வரை காத்திருந்தார். தந்தையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயதில் ரயனைக் காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். ஏழு ஆண்டுகள் கழிந்தன. 2023 புத்தாண்டு நாளில் மூன்றாம் பருவம் தொடங்கியபோது, முன்பு படகில் அழுதுகொண்டிருந்த அதே முகம் 16 வயது இளைஞனின் முகமாகத் திரும்பி வந்தது.

ஒப்பனையாலோ வேறு நடிகராலோ பெறமுடியாத ஒரு பயனை இது தந்தது. கதைக்குள் கழிந்த காலமும் பார்வையாளர் வாழ்வில் கழிந்த காலமும் ஒன்றாயின. வணிகக் கலையில் பொறுமை அரிதாகவே காணப்படும் நற்பண்பு. அது இங்கே கலைப் பண்பாகவும் மாறியிருப்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

மூன்றாம் பருவம்: மகனே போகிறான்

நீர்த்தேக்கம் ஒன்றில் கிடைத்த எலும்புகளோடு மூன்றாம் பருவம் தொடங்குகிறது. அந்தப் பழைய கொலையின் தடமும் டாமியிடம் செல்கிறது. கேத்தரினோ பணி ஓய்வுக்கு நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பழைய லேண்ட் ரோவர் வண்டியைச் சீரமைத்து இமயமலைவரை ஓட்டிச்செல்லக் கனவு காண்கிறாள். அந்நேரத்தில்தான், ரயன் சிறைக்குச் சென்று தந்தையைப் பார்த்துவருகிறான் என்ற செய்தி இடிபோல் வந்து விழுகிறது. அவனை அழைத்துச் செல்பவள் அவளுடைய சகோதரி கிளேர்.

தொடரிலேயே மிகக் கொடிய காட்சி எது என்று நம்மைக் கேட்டால், நிலவறையை நாம் சொல்லமாட்டோம். ஷெஃபீல்டு நகரின் சிற்றுண்டிக்கடைக் காட்சியையே சொல்வோம். கேத்தரின் தொலைபேசியில் கிளேரை அழைத்து எங்கிருக்கிறாய் என்று கேட்கிறாள். கிளேர் ஏதோ ஓர் இடத்தைப் பொய்யாகச் சொல்கிறாள். கேத்தரினோ வெளியே நின்று, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். பிறகு உள்ளே நுழைகிறாள். ஒரு துளி இரத்தமும் அங்கே சிந்தவில்லை. போதையிலிருந்து தன்னை மீட்ட சகோதரிக்குத் துரோகம் செய்தவளாகக் கிளேர் குறுகி நிற்கிறாள். கிளேராக நடிக்கும் சிவான் ஃபினரனின் நடிப்பு அங்கே உச்சம் தொடுகிறது. ஆனால் கிளேரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பையன் எப்படியும் போயிருப்பான். தனியே போவதைவிடத் துணையோடு போகட்டும் என்று அவள் எண்ணினாள். இருவரும் அவனை நேசிப்பவர்கள். இருவரும் அவனைக் காக்க முயன்றவர்கள். காக்கும் வழியில்தான் வேறுபாடு.

இங்கேதான் தொடர் தன் உண்மையான கேள்வியை அடைகிறது. பிள்ளைக்கு உண்மையை எவ்வளவு, எப்போது, யார் சொல்வது? பங்குப்பணியில் இருக்கும் நம் போன்றோருக்கு இது திரைக்கதைச் சிக்கல் மட்டுமன்று. உச்சரிக்கப்படாத ஒரு பெயர் இருக்கும் வீடுகளை நாம் அறிவோம். அப்பெயரைச் சுற்றி எல்லோரும் மெல்ல நடப்பார்கள். பிள்ளை மட்டும் அதை இருட்டில் தடவித் தேடிக்கொண்டிருக்கும். கேத்தரின் பொய் சொல்லவில்லை. காலம் வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்ட உண்மையை இறுதியில் ரயனிடம் சொல்பவள் ஆன். முதல் பருவத்தில் கடத்தப்பட்ட அதே பெண்தான் அவள். காவல்துறையில் சேர்ந்து, கேத்தரினின் மகனை மணந்து, அவ்வீட்டு மருமகளாகிவிட்டாள். டாமி தனக்கு என்ன செய்தான் என்பதை அவள் சொல்கிறாள். பட்டவளின் வாயிலிருந்து வந்ததால் அச்சொல் ரயனுக்குள் இறங்குகிறது.

நீதிமன்றத்திலிருந்து டாமி தப்பிக்கிறான். மகனைத் தன்னோடு ஸ்பெயினுக்கு அழைக்கிறான். ரயன் போக மறுக்கிறான். பேரிரைச்சல் எதுவுமின்றி நிகழும் இந்த மறுப்பே தொடரின் திருப்புமுனை என்பது நம் கருத்து. இரத்தம் முடிவு செய்யவில்லை. பதினாறு ஆண்டுகள் அவனுக்குச் சோறு போட்டு, சண்டை போட்டு, பள்ளிக்கு அனுப்பிய கைகள் முடிவு செய்தன. சந்திக்கத் தடை போட்டதால் அவன் தந்தையை நிராகரிக்கவில்லை. சந்தித்த பின்னரே நிராகரித்தான். கேத்தரினின் அச்சம் எதை நம்ப மறுத்ததோ, அதை அவள் வளர்ப்பு ஏற்கெனவே செய்து முடித்திருந்தது.

மேசையும் மூன்றாவது தீயும்

இறுதிப் பகுதியில் படுகாயமுற்ற டாமி கேத்தரினின் வீட்டுக்குள் புகுந்து அவள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். ஒன்பது ஆண்டுகளாக நாம் எதிர்பார்த்த மோதல் இதோ வந்துவிட்டது என்று எண்ணுகிறோம். நடப்பதோ ஓர் உரையாடல். அவளைக் கொல்ல நினைத்து வந்தவன், வீட்டிலிருந்த புகைப்படத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். கடற்கரையிலும் பிறந்தநாளிலும் சிரிக்கும் தன் மகனைப் பார்த்திருக்கிறான். தனக்குக் கிடைக்காத ஒரு குழந்தைப் பருவத்தை இவள் தன் மகனுக்குத் தந்திருக்கிறாள் என்று உணர்கிறான். அதனால் அவளைத் தான் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான்.

இந்த இடத்தின் கூர்மையை நாம் தவறவிடக்கூடாது. கொடுமை செய்தவன், கொடுமைக்கு ஆளானவளை மன்னிக்கிறான்! தன் குற்றத்தை அவன் கடைசிவரை முழுமையாகக் காணவில்லை. பெக்கியைத் தான் நேசித்ததாகவே எண்ணுகிறான். கேத்தரின் அதை ஏற்கவில்லை. அவன் செய்தவற்றை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவள் வாயிலிருந்து மன்னிப்பு என்னும் சொல் வரவில்லை. பின்னர் அவன் தன்மேல் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்துக்கொள்கிறான். அப்போது அவள் என்ன செய்கிறாள்? விலகி நிற்கவில்லை. கிளேர் பின்னிய போர்வையை எடுத்து அவன்மேல் போட்டுத் தீயை அணைக்கிறாள்.

விளையாட்டுத் திடலில் முகமறியா இளைஞன். படகில் தன் பேரன். சமையலறையில் தன் மகளை அழித்தவன். முதலாமவனுக்காகத் தீயணைப்பானை ஏந்தியது கடமை. இரண்டாவது அன்பு. மூன்றாவது என்ன? அன்பு என்பது உணர்ச்சியன்று, பிறர்க்கு நலம் நாடும் விருப்பமே என்று புனித தோமா அக்குவினார் விளக்கியதைக் குருமடத்தில் படித்தோம். வெறுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு கை போர்வையை எடுக்கக்கூடும் என்பதை அப்போது நாம் பாடமாகத்தான் அறிந்தோம். கேத்தரின் இறையியல் பேசுபவள் அல்லள். ஆயினும் அவள் கை அறிந்ததை அவள் நாக்கு அறியவில்லை என்று சொல்வதில் பிழையில்லை. படகில் அவனை உதைத்த அதே கேத்தரின்தான் இவள். மூன்று பருவங்கள் நடந்துவந்த தூரம் அந்தப் போர்வையின் நீளம்தான். டாமி பின்னர் இறந்துபோகிறான். நடந்ததைக் கிளேரிடம் சொல்லும்போது, உன் போர்வை ஒன்று கருகிவிட்டது என்று கேத்தரின் போகிறபோக்கில் சொல்கிறாள். பெரிய செயலைச் சிறிய சொல்லில் மூடிவைக்கும் யார்க்ஷயர் இயல்பு அது.

குறைகள்

புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. மூன்றாம் பருவத்தின் கிளைக்கதை ஒன்று நம்மை நிறைவு செய்யவில்லை. மாத்திரைகளைச் சட்டவிரோதமாக விற்கும் மருந்தாளர் ஃபைசல், கணவனின் கொடுமையில் வாடும் ஜோவானாவைக் கொல்கிறார். முதல் பருவத்துக் கெவினைப் போல, அச்சத்தால் குற்றத்துக்குள் வழுக்கிவிழும் சாதாரண மனிதர் இவர். ஆனால் கெவினுக்குக் கிடைத்த விரிவும் ஆழமும் இவருக்குக் கிடைக்கவில்லை. கேத்தரின் தரும் ஒரு குறிப்போடு அவர் கதை அவசரமாக முடிக்கப்படுகிறது. ஜோவானாவோ துன்பப்படுவதற்கும் சாவதற்கும் மட்டுமே படைக்கப்பட்டவள் போல் மறைந்துவிடுகிறாள். பெண்ணின் துயரை இவ்வளவு மதித்த தொடர் இவளுக்கு நியாயம் செய்யவில்லை.

மற்றொன்று, டாமியின் கடைசி மென்மை. ஜேம்ஸ் நார்ட்டனின் தேர்ந்த நடிப்பு அவன்மீது நமக்கு இரக்கம் வரச்செய்கிறது. இரக்கம் தவறன்று, ஆனால் அது கொல்லப்பட்டவர்களை மறக்கச் செய்தால் ஆபத்து. கிர்ஸ்டனின் பெயரை இறுதியில் எத்தனை பார்வையாளர் நினைத்திருப்பார்கள்? கேத்தரின் மறக்கவில்லை என்பதே இந்தக் குறையைச் சற்று ஈடுசெய்கிறது. கொடியவனின் கண்ணீரையும் கொல்லப்பட்டவளின் பெயரையும் ஒரே நேரத்தில் ஏந்தி நிற்பது கடினம். அக்கடினத்தைத்தான் அவள் முகம் சுமக்கிறது.

இத்தொடரைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க நாம் பரிந்துரைக்கவில்லை. முதல் பருவம் முதிர்ந்த மனத்துக்கே கடினமானது. ஆயினும் இருண்ட கதைகள் யாவும் இருளுக்காகவே எழுதப்படுகின்றன என்று பொதுப்படக் கண்டிப்போர் இப்பதினெட்டுப் பகுதிகளையும் முழுமையாகப் பார்த்தபின் பேசட்டும் என்பதே நம் வேண்டுகோள். முதல் நான்கு பகுதிகளோடு எழுந்துபோனவர் வன்முறையைக் கண்டார். கடைசிவரை இருந்தவர், வன்முறையால் தொட முடியாத ஒன்றையும் கண்டார்.

ஓய்வு பெற்ற கேத்தரின் மகளின் கல்லறைக்குச் செல்கிறாள். குன்றின்மேல் காற்று வீசுகிறது. கொடியவன் இல்லை, மகளும் திரும்பப்போவதில்லை. வீட்டில் ஓர் இளைஞன் இருக்கிறான். அவன் தன் தந்தையின் பெயரை இனிமேல் அச்சமின்றிச் சொல்ல முடியும்.